தளம் தானாகச் சாகிறதா, கொல்கிறார்களா?

நிரல்காரன்:
சமூக வலைத்தளங்கள் விழுவதற்கு ஒரே காரணம்தான், மக்களுக்குச் சலித்துவிடுகிறது. மைஸ்பேஸ், ஆர்குட், வைன் எல்லாம் அப்படித்தான் போயின. புதிதாக ஒன்று வந்தால் கூட்டம் அங்கே ஓடும். இதில் நிர்வாகத்தைத் திட்டி என்ன பயன்?

பழங்கணக்கு:
சலிப்பு என்று ஒரே வார்த்தையில் கதையை முடிக்காதீர்கள். மைஸ்பேஸையே எடுங்கள். 2005இல் ஊடக முதலாளி முர்டாக்கின் நியூஸ் கார்ப் 58 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அடுத்த வருடமே கூகுளோடு 90 கோடி டாலர் விளம்பர ஒப்பந்தம், ஆனால் இத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்குக் காட்டினால்தான் அந்தப் பணம் முழுதாகக் கைக்கு வரும். அப்புறம் என்ன செய்வார்கள்? விளம்பரத்தை அள்ளிக் கொட்டினார்கள், பக்கம் திறப்பதற்குள் உயிர் போகும். 2011இல் விற்றபோது கிடைத்தது சுமார் 3.5 கோடி. சலிப்பு வந்தது நிஜம்தான், அதை வரவழைத்தது யார்?

நிரல்காரன்:
சரி, ஃப்ரெண்ட்ஸ்டர்? 2003இல் கூகுள் 3 கோடி டாலருக்குக் கேட்டும் விற்காமல் நின்ற தளம். அது விளம்பரப் பேராசையால் விழவில்லையே.

பழங்கணக்கு:
ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் நண்பர், நண்பரின் நண்பர், அவருக்கு நண்பர் என்று முழுச் சங்கிலியையும் கணக்குப் போட்டுக் காட்டப் பார்த்து சர்வர் திணறியது. அதைச் சரிசெய்வதற்குள் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். இதுவும் நிர்வாகம் கோட்டைவிட்டதுதான், நீங்களே என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறீர்கள்.

சும்மாஒருவன்:
இரண்டு பேரும் கூகுள் ப்ளஸை மறந்துவிட்டீர்கள். பணம், ஆள், சர்வர் எதிலும் குறை இல்லை. 2018இல் மூடப்போவதாக அறிவித்தபோது கூகுளே சொன்னது, நூற்றில் 90 வருகைகள் 5 விநாடிகூட நீடிப்பதில்லை என்று! ஆளில்லாத வீட்டில் எத்தனை விளக்கு போட்டு என்ன.

நிரல்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், கூட்டம்தான் எல்லாம். கூட்டமாகக் குரலில் பேசிக்கொள்ளும் கிளப்ஹவுஸ் ஊரடங்கில் வளர்ந்தது, 2021 ஏப்ரலில் 400 கோடி டாலர் என்று மதிப்புப் போட்டார்கள், வீட்டுக் கதவு திறந்ததும் ஆட்கள் வெளியே போய்விட்டார்கள். எந்த நிர்வாகியால் அதைத் தடுத்திருக்க முடியும்?

பழங்கணக்கு:
கிளப்ஹவுஸை விட்டுத்தருகிறேன் (ட்விட்டர் அதே வசதியை ஸ்பேசஸ் என்று கொண்டுவந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்). ஆனால் டிக் என்ன பாவம் செய்தது? வாசகர்கள் ஓட்டுப் போட்டுச் செய்தியை மேலே கொண்டுவந்த இடம் அது. 2010 ஆகஸ்டில் புது வடிவம் என்று சொல்லி, பிடிக்காததைக் கீழே தள்ளும் பொத்தானைப் பிடுங்கிவிட்டு, பெரிய ஊடகங்கள் தங்கள் செய்தியைத் தாங்களே தானியங்கியாகக் கொட்ட வழி செய்தார்கள். வாசகர்கள் முதல் பக்கத்தைப் போட்டித் தளமான ரெட்டிட்டின் இணைப்புகளால் நிரப்பிவிட்டு அங்கேயே குடிபோனார்கள். சலித்துப்போனவன் இவ்வளவு மெனக்கெடுவானா? அது கோபம்.

இரவல்பேனா:
நீங்கள் சண்டை போடுங்கள், என் கவலை வேறு. யார் கொன்றால் என்ன, நாம் எழுதியது எங்கே போகிறது? மைஸ்பேஸ் சர்வர் மாற்றியபோது முதல் 12 வருடத்துப் பாட்டும் படமும் போய்விட்டதாக 2019இல் தெரிந்தது. நான் தினமும் எழுதிய ஒரு சின்னத் தளம் மூடும்போது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். நான் எப்போதோ கைவிட்ட முகவரிக்கு. செத்துப்போன நண்பன் எனக்கு எழுதியதெல்லாம் அதில்தான் இருந்தது.

பழங்கணக்கு:
வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் மூட முடிவெடுப்பது கூட்டம் இல்லையே.

நிரல்காரன்:
கூட்டம் இருந்தால் எவன் மூடப்போகிறான்?

சும்மாஒருவன்:
தன் கையில் இருந்த வைனை ட்விட்டர் மூடினதே. 2016இல் அதை நிறுத்துவதாக அறிவித்தபோதும் அந்த 6 விநாடி வீடியோக்களை ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நிரல்காரன்:
முதல் பதிவில் வைனைச் சலிப்புக் கணக்கில் எழுதியது நான்தான், அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மைஸ்பேஸ் பற்றி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ராத்திரி வந்து எழுதுகிறேன்.