மறுமொழி: கண்ணால் எழுதும்போது 'தங்குநேரம்' – வேறு சொல் உண்டா?

அனைவருக்கும் வணக்கம். கண்ணால் எழுதும்போது ஒரு விசை அழுந்த அதன்மீது எவ்வளவு நேரம் பார்வையை நிறுத்த வேண்டுமோ அந்த நேரத்துக்கு (dwell time) தமிழ்ச் சொல் தேடும் இழையில், 'தங்குநேரம்' என்று முன்மொழிந்தவர் எழுதியது:

> விசைமீது பார்வை தங்கும் நேரம்தானே, 'தங்குநேரம்' போதும்.

எனக்கு ஒட்டவில்லை ஐயா. லாட்ஜ் ஞாபகம் வருவது ஒருபுறம் இருக்கட்டும், தங்குவது என்றால் சும்மா இருப்பது. இங்கே பார்வையை நிறுத்துவதே அழுத்துவது. குறித்த நேரம் கடந்ததும் எழுத்து விழுந்துவிடும்.

புதுச்சேரியில் படிக்கும் அண்ணன் மகள் போன வாரம் தன் புராஜெக்டுக்காக என் தலையில் மெய்நிகர் ஹெட்செட்டை மாட்டி, 'புதுச்சேரி' என்று எழுதச் சொன்னாள். எதிரே அந்தரத்தில் தமிழ்99 விசைப்பலகை. அதில் 'பு' என்றால் ப, உ என இரண்டு விசை. அதனால் எழுத்து 5தான், விசை 9 (ச இரண்டு முறை வந்தால் புள்ளி தானே விழும், இல்லாவிட்டால் 10). நேரத்தை 1 நொடி என்று வைத்திருந்தாள். 'ச' எங்கே என்று தேடி விழித்த இடத்திலெல்லாம் ஏதோ ஓர் எழுத்து விழுந்தது. மேற்கே இதை, தொட்டதெல்லாம் பொன்னாகிப்போன அரசன் பெயரால், மைடாஸ் தொடுகை என்கிறார்கள். நமக்குப் பஸ்மாசுரன் கை. நேரத்தைக் குறைத்தால் இது இன்னும் மோசம், கூட்டினால் ஆமை வேகம். 1 நொடிக்கே நிமிடத்துக்கு 60 விசையைத் தாண்ட முடியாது. இடைவெளியும் சேர்த்து 5 எழுத்து ஒரு சொல் என்னும் ஆங்கிலக் கணக்கில் 12 சொல். தமிழில் அந்த 5, எழுத்தா விசையா? அதற்குத் தனி இழை வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். முதலில் 'நிலைகுத்து நேரம்' என்றுதான் நினைத்தேன். அண்ணி நர்ஸ். "கண்ணு நிலைகுத்திடுச்சுன்னா நாங்க வேற அர்த்தத்துல சொல்லுவோம்" என்றார். விட்டுவிட்டேன்.

'ஊன்றுநேரம்' எப்படி? ஊன்றிப் பார், ஊன்றிப் படி என்கிறோம். எங்கள் கடலூர்ப் பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் தோணியைக் கழி ஊன்றித்தான் தள்ளுவார்கள், ஊன்றினால்தான் நகரும். கண், தலை, கையில் பிடிக்கும் கருவியிலிருந்து திரையில் நீளும் கதிர் என்று எதனால் குறிவைத்தாலும் சொல் பொருந்துகிறது: கண்ணூன்றல், கதிரூன்றல். தலையூன்றல் மட்டும் சிரசாசனம் மாதிரி ஒலிக்கிறது. யாராவது திருத்துங்கள்.

---

மறுமொழி:

ஊன்றுநேரம் எனக்குச் சம்மதம். தங்குநேரத்தைத் திரும்பப் பெறுகிறேன். தலைக்கு 'முகமூன்றல்' சரிவருமா? விசையை நோக்கித் திரும்புவது முகம்தானே.