இறுதியாண்டு அனிமேஷன் படம்: திரைக்கதையைச் சுருக்குவதா, வேறு வழி உண்டா?

வரைபலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் அனிமேஷன் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஒரு தாயையும், கோடை விடுமுறையில் அவருடன் பாத்திக்கு வரும் மகளையும் பற்றி 12 பக்கத் திரைக்கதை எழுதியுள்ளேன். அதையே இறுதித் திட்டப்படமாக, கையால் வரையும் இருபரிமாண அனிமேஷனில் செய்ய விரும்புகிறேன். சென்ற ஆண்டு அந்த உப்பளத்தில் கேமராவுடன் ஒரு சிறிய ஆவணப்படம் எடுத்தேன். அங்கே உட்கார்ந்து வரைந்த ஸ்கெட்ச் புத்தகங்களும் கைவசம் உள்ளன.

வழிகாட்டும் ஆசிரியர், படம் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்கிறார். உரையாடல்களை வெட்டிவிட்டால் தாய்க்கும் மகளுக்கும் இடையே இருப்பது பார்ப்பவர்களுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். எழுத்து, ஓவியம், படப்பிடிப்பு மூன்றிலும் கால் வைக்காமல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள் என்று நண்பர்கள் சொல்வதும் மனதை அலைக்கழிக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பென்சில்முனை எழுதியது:

உங்கள் ஆசிரியர் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படங்கள். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று வரைந்தாலும் நிமிடத்துக்கு 720 படங்கள், 12 நிமிடத்துக்கு 8,640 படங்கள். தாயும் மகளும் ஒரே ஷாட்டில் வந்தால் இருவரையும் தனித்தனி லேயரில் வரைய வேண்டியிருக்கும். கிளீன்அப்பும் (கரட்டுக் கோடுகளைத் திருத்தமாக மறுபடி வரைவது) வண்ணமும் அதற்குப் பிறகு. மூன்று நிமிடம் என்றால் 2,160 படங்கள், பாத்திரங்கள் அசையாமல் நிற்கும் இடங்களைக் கழித்தால் அதிலும் குறையும். ஒரு மாணவர் தனியாக ஒரு கல்வியாண்டில் கௌரவமாக முடிக்கக்கூடிய அளவு இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே திரைக்கதையை மேலும் செதுக்கிக்கொண்டிருக்காமல் அனிமேட்டிக்குக்கு, அதாவது ஒலியுடன் ஓடும் முன்மாதிரிப் படத்துக்கு, போய்விடுங்கள். உள்ளங்கை அளவுச் சிறு கட்டங்களில் ஸ்டோரிபோர்டை (ஷாட் ஷாட்டாகக் கதையைச் சொல்லும் படவரிசை) வேகமாக வரைந்து, அவற்றை எடிட்டிங் மென்பொருளில் அடுக்கி, கைபேசியில் பதிவு செய்த தற்காலிகக் குரலையும் ஒலியையும் சேர்த்து, கதையை அறியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பார்த்து முடிக்கும் வரை எதையும் விளக்காதீர்கள். எந்த வசனம் இல்லாமலும் படம் நிற்கிறது, எது போனால் படம் சரிகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். நீங்கள் எழுதியதும், வரைந்ததும், கேமரா வழியே கற்றுக்கொண்டதும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும் இடம் அனிமேட்டிக்தான். மூன்றையும் அறிந்தவருக்கு அங்கே பெரிய அனுகூலம் உண்டு என்பதால், ஒன்றை மட்டும் பிடித்துக்கொள் என்ற அறிவுரையை இப்போதைக்குப் பொருட்படுத்த வேண்டாம்.

உங்கள் ஆவணப்படம் பெரிய செல்வம். உப்பு வாரும் பெண்ணின் உடல் எடை எந்தக் காலில் நிற்கிறது, பலகையை இழுப்பதற்கு முன் முதுகு எவ்வளவு வளைகிறது என்பதையெல்லாம் கற்பனையில் பிடிக்க முடியாது. ஆனால் காட்சியின் மேல் தாளை வைத்து அப்படியே நகல் எடுக்காதீர்கள். அப்படி எடுத்த அசைவில் எடை தெரியாது, உருவம் மிதக்கும். முக்கியமான நிலைகளை மட்டும் காட்சியிலிருந்து எடுத்து, அவற்றைச் சற்று மிகைப்படுத்தி வரைந்து, இடைப்பட்ட அசைவுகளை நீங்களே அமையுங்கள். மென்பொருளுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. கிரிட்டா, ஓபன்டூன்ஸ், பிளெண்டரில் உள்ள கிரீஸ் பென்சில் மூன்றும் இலவசம்.

இரண்டாம்பிரதி எழுதியது:

மேலே நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். எழுத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அனிமேட்டிக்கைப் பார்த்த பிறகு திரைக்கதையை இன்னொரு முறை முழுமையாக எழுத வேண்டும். அப்போது எழுதுவதுதான் அனிமேஷன் எழுத்து. கண்ணுக்குத் தெரியாததும் காதுக்குக் கேளாததும் அதில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. “மகளின் மனம் கனத்தது” என்று எழுதினால் வரைபவர் கையில் ஒன்றும் இல்லை. “ஈர வரப்பில் தாயின் காலடித் தடங்களிலேயே கால் வைத்து மகள் நடக்கிறாள்; தடம் அவள் பாதத்தைவிடப் பெரிதாக இருக்கிறது” என்று எழுதினால் அந்த உறவு ஷாட்டுக்குள் வந்துவிடுகிறது. உங்கள் அச்சத்துக்கு என் பதில் இதுவே.

வசனம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உப்பளத்தின் வெயிலில் வேலை செய்பவர்கள் தலையையும் முகத்தையும் துணியால் சுற்றிக்கொள்வதை நீங்களே படமெடுத்திருப்பீர்கள். உதட்டசைவு வரையும் வேலையை அது பெருமளவு குறைத்துவிடும். தொலைவிலிருந்து பார்க்கும் அகன்ற ஷாட்டின் மேல் இரண்டு குரல்கள் மட்டும் கேட்டாலும் போதும்.

வசனமின்றி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு லாட்வியாவின் அனிமேஷன் இயக்குநர் கிண்ட்ஸ் சில்பலோடிஸ் நல்ல சான்று. பள்ளி மாணவராக இருந்தபோது, தண்ணீருக்கு அஞ்சும் ஒரு பூனையை வைத்து 2012-இல் ‘அக்வா’ என்ற குறும்படத்தைக் கையால் வரைந்தார். 2019-இல் வெளிவந்த ‘அவே’ என்ற முழுநீளப் படத்தைத் தனி ஒருவராகவே உருவாக்கினார். அந்தப் பழைய பூனையிலிருந்து வளர்ந்ததே, ஒரு குழுவுடன் பிளெண்டரில் செய்த ‘ஃப்ளோ’. அதில் மனிதப் பேச்சு அறவே இல்லை, 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. மாணவப் பருவத்தில் குறுக்கிச் சொன்ன கதை அங்கேயே முடிந்துபோவதில்லை. உங்கள் 12 பக்கத்தையும் வெட்டிச் சிதைக்காமல் நடிகர்களை வைத்து எடுக்கும் குறும்படத்துக்கான திரைக்கதையாகப் பாதுகாத்து வையுங்கள். அதிலிருந்து ஒரேயொரு நிகழ்வை மட்டும் இந்தப் படத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கரித்துண்டு எழுதியது:

ஓவியம் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். உச்சி வெயிலில் உப்பளம் கண்ணைக் கூசவைக்கும் வெண்மை. உங்கள் தாளும் வெண்மை. பின்னணியை வரைந்து நிரப்பாமல் தாளை அப்படியே விட்டு, வரப்பின் ஒரு கோட்டையும் தொலைவில் உப்பு அம்பாரத்தின் சிறு நிழலையும் மட்டும் வைத்துப் பாருங்கள். வேலை குறையும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த இடத்தின் கொடுமை அந்த வெறுமையில்தான் தெரியும். ஸ்கெட்ச் புத்தகத்தில் நேரில் கண்டு வரைந்த கோடுகள் நடுங்கியிருந்தால் அந்த நடுக்கத்தைக் கிளீன்அப்பில் துடைத்துவிடாதீர்கள்.

வேலை தேடும்போது எல்லாவற்றையும் ஒரே ஷோரீலில் (உங்கள் வேலைகளின் தொகுப்புக் காணொளி) திணிக்க வேண்டாம். சென்னையில் மாணவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனங்களில் ரோட்டோ (காட்சியில் உள்ள உருவத்தின் விளிம்பை வரைந்து பிரித்தெடுப்பது), பெயின்ட் (காட்சியில் வேண்டாதவற்றை அழிப்பது) போன்ற பிரிவுகளில்தான் இருக்கும். அங்கே படத்தின் கதையைக் கேட்க மாட்டார்கள். ஸ்டோரிபோர்டு வேலைக்குப் போகிறவர் ஸ்டோரிபோர்டையும் அனிமேட்டிக்கையும் காட்ட வேண்டும். அனிமேட்டராகப் போகிறவர் அசைவைக் காட்ட வேண்டும்.

வரைபலகை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள், தாயின் பலகையை மகள் வாங்கி ஒரு முறை இழுத்துப் பார்க்க முயல்வதும், தாய் அதைக் கொடுக்க மறுப்பதும் மட்டும் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். தாய்க்கு ஒரே ஒரு வசனம் வைத்திருக்கிறேன். அந்தக் குரலை எப்போது பதிவு செய்வது? படம் வரைந்து முடித்த பிறகு டப்பிங் செய்யலாமா?

பென்சில்முனை எழுதியது:

முதலிலேயே பதிவு செய்யுங்கள். அனிமேஷனில் குரலைப் பின்பற்றித்தான் படம் வரையப்படும்; பேசுபவர் எந்தச் சொல்லில் மூச்சு வாங்குகிறாரோ அங்கேதான் தோள் இறங்கும். முடிந்தால் உப்பளத்தில் வேலை செய்த ஒருவரையே, அவருடைய சம்மதத்துடன், அவர் ஊர்ப் பேச்சிலேயே பேசச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய வரியை அவர் மாற்றிச் சொன்னால் அந்த மாற்றத்தையே வைத்துக்கொள்ளுங்கள். அன்றே, பலகை உப்பில் உராயும் ஓசையையும் தனியாகப் பதிந்துகொண்டு வாருங்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டால் பாத்திகளில் வேலை நின்றுவிடும்.