ரோம் சாம்பினோ, 1952: காமெட் ஏன் மேலே எழவில்லை?

கேள்வி:
1952 அக்டோபர் 26 இரவு, ரோமின் சாம்பினோ விமான நிலையத்திலிருந்து கெய்ரோவுக்குக் கிளம்பிய பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் காமெட் 1 ஜெட் பயணிகள் விமானம் ஓடுபாதையின் முடிவைத் தாண்டிப் போய் உடைந்தது. பயணிகள் 35, ஊழியர்கள் 8, எல்லோரும் பிழைத்தார்கள். நான்கு என்ஜினும் ஓடிக்கொண்டிருந்தன, வேகமும் இருந்தது. விமானி மூக்கை அளவுக்கு மேல் தூக்கியதுதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள். மூக்கைத் தூக்கினால் விமானம் ஏறத்தானே வேண்டும்?

பதில் 1:
ஏறும், ஆனால் ஒரு கோணம் வரைதான். சக்கரம் தரையில் இருக்கும்போது, மூக்கு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு இறக்கையில் காற்று படும் கோணமும் கூடும். பின்னர் செய்த சோதனைகளில் தெரிந்தது இது: 6 டிகிரியில் காமெட் ஒழுங்காக எழும், 9 டிகிரியில் இறக்கை பாதி ஸ்டால் ஆகி (காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை குறைந்து), காற்றின் எதிர்ப்பு சட்டென்று எகிறும். இடைவெளி வெறும் 3 டிகிரி!

இப்போது என்ஜினைப் பாருங்கள். காமெட்டின் கோஸ்ட் ஜெட் என்ஜின் ஒன்று ஏறக்குறைய 5,000 பவுண்டு உந்துவிசை தரும், நான்குக்கும் 20,000. விமானத்தின் உச்ச எடை 1,07,000 பவுண்டு. எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத உந்துவிசை அது. எதிர்ப்பு அதைத் தின்றுவிட்டால் வேகம் கூடாது. வேகம் கூடாவிட்டால் எழவும் முடியாது. ஓடுபாதை மட்டும் தீர்ந்துகொண்டே வரும்.

புரொப்பெல்லர் விமானத்தில் விசிறி தள்ளும் காற்று இறக்கைமேல் பாய்ந்து, குறைந்த வேகத்திலும் கொஞ்சம் தூக்குவிசை தரும். ஜெட்டில் அந்தக் கைகொடுப்பு கிடையாது. அக்கால விமானிகள் எல்லோரும் புரொப்பெல்லரிலிருந்து வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் "விமானியின் தவறு" என்று முடித்தது அநியாயம் என்பேன். அவர் செய்த வரிசை: 75-80 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வேகத்தில் முன்சக்கரத்தைத் தூக்கினார், 112 நாட் வேகத்தில் மேலே எழ ஸ்டிக்கை இழுத்தார். விமானம் ஒரு கணம் தரையை விட்டது, இடது இறக்கை சரிந்தது, உடல் உதறியது, அதன் பிறகு வேகம் ஏறவே இல்லை. த்ராட்டிலை மூடி என்ஜின் விசையைக் குறைத்தார்.

இருட்டில் அடிவானம் தெரியாமல் 6 டிகிரிக்கும் 9 டிகிரிக்கும் உள்ள வித்தியாசத்தை எதை வைத்துப் பிடிப்பது? கையாவது சொல்லுமா என்றால், காமெட்டின் கட்டுப்பாடுகள் முழுக்க ஹைட்ராலிக், அதாவது திரவ அழுத்தத்தில் இயங்குபவை. மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரில் காற்று அழுத்துவது ஸ்டிக்குக்குத் திரும்பி வராது. கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி, இப்போது பிடிபடுகிறது. எரிபொருள் கசிந்ததாமே, தீப்பிடிக்காதது எப்படி? பிறகு என்ன மாற்றினார்கள்?

பதில் 1:
சக்கரக் கால்கள் பிய்ந்து, டாங்க் உடைந்து எரிபொருள் கொட்டியது உண்மை. ஆனால் பயணிகள் இருந்த உடற்பகுதி பிளக்கவில்லை, உயிர்கள் தப்பியதற்கு அதுவே பெரிய காரணம். எரிபொருள் கெரசின் என்பதும் உதவியிருக்கும், பெட்ரோல் போல அது சாதாரண வெப்பநிலையில் உடனே ஆவியாகிப் பற்றாது. பற்றவே பற்றாது என்று நினைக்க வேண்டாம், கராச்சியில் பற்றியது.

பதில் 2:
கராச்சிதான் இந்தக் கதையின் வலிக்கிற பகுதி. 1953 மார்ச் 3, கனடியன் பசிபிக் நிறுவனத்துக்குக் கொண்டுபோகப்பட்ட காமெட் 1ஏ அங்கே அதே மாதிரி மூக்கைத் தூக்கியபடி ஓடியது. கடைசியில் மூக்கைத் தாழ்த்தினார்கள், வேகம் கூடத் தொடங்கியது, ஆனால் பாதை மிச்சமில்லை. 11 பேரும் இறந்தார்கள். ரோமில் இறக்கையையும் சேர்த்துக் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் காமெட்டைத் தயாரித்த டி ஹாவிலண்ட் நிறுவனம் இறக்கையின் முன்விளிம்பு வடிவத்தையே மாற்றியது. மூக்கு அதிகம் உயர்ந்தாலும் காற்றோட்டம் பிரியாமல் ஒட்டியிருக்க வேண்டும் என்பது நோக்கம். இன்று புதிய ரகப் பெரிய பயணிகள் விமானங்களுக்கு வி-எம்-யூ சோதனை உண்டு: வாலைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஓடி, எந்தக் குறைந்த வேகத்தில் பத்திரமாக எழ முடிகிறது என்று அளப்பார்கள். எல்லா என்ஜினும் ஓடும்போது, தரையை விடும் வேகம் பொதுவாக அதைவிட 10 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு என்ஜின் நின்றால் 5 சதவீதம். வால் உரசும் படங்களைப் பார்த்தால் விபத்து என்று பயப்படாதீர்கள், வாலில் மரத்தாலோ உலோகத்தாலோ காப்புக்கட்டை பொருத்தித்தான் ஓட்டுவார்கள்.