ஒரே வரிசையில் மூன்று சல்யூட்

என்.சி.சி. (தேசிய மாணவர் படை) ராணுவப் பிரிவில் மூன்று வருடம் இருந்தேன். எங்கள் ஹவில்தார் சொல்லிக்கொடுத்த சல்யூட்டில் கை பக்கவாட்டில் சுற்றி மேலே வரும், உள்ளங்கை முழுதும் எதிரே நிற்பவருக்குத் தெரியும். ‘ஏக், தோ தீன், ஏக்’ என்று மனதுக்குள் எண்ணி இறக்க வேண்டும். சல்யூட் என்றால் இது ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன்.

பத்து நாள் முகாமில் பக்கத்துக் கூடாரம் கடற்படைப் பிரிவு. முதல் நாள் காலையில் பார்த்தால், வெள்ளைச் சீருடையில் ஒருவன் உள்ளங்கை தரையைப் பார்க்கிற மாதிரி சல்யூட் அடிக்கிறான். “தம்பி, கையைத் திருப்பு” என்று திருத்தப் போனேன். “அண்ணே, கப்பல்ல தாரும் எண்ணெயும் பட்ட கையை அதிகாரிகிட்ட காட்டக்கூடாதுல்ல” என்றான். கடற்படைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் காரணம் இதுதானாம். அப்புறம் முகாம் முடியும்வரை அவன் என்னைப் பார்த்தாலே கையைத் திருப்பிக் காட்டுவான்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததா?

—

நான் தொண்ணூறுகளில் விமானப்படைப் பிரிவு. அப்போது எங்கள் சல்யூட்டும் ராணுவ சல்யூட்டும் ஒன்றுதான். இப்போது மகள் அதே பிரிவில் இருக்கிறாள். சுதந்திர தினத்தன்று குடியிருப்பில் கொடியேற்றியபோது பழைய மிடுக்கில் ஒரு சல்யூட் அடித்தேன். “அப்பா, அது ஆர்மி சல்யூட்” என்றாள் எல்லார் முன்னாலும். இந்திய விமானப்படை 2006-லேயே மாற்றிவிட்டதாம். உள்ளங்கை தரைக்கு 45 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும், கையும் சுற்றி வராமல் குறுக்கு வழியில் மேலே போக வேண்டும். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் பழகினேன். கை கேட்டால்தானே!

—

வேறு பிரிவு வரை போவானேன், ஒரே பிரிவுக்குள்ளேயே எங்களுக்குக் குழப்பம். முதல் வருடம் பயிற்சி கொடுத்தவர் ஒரு ரைஃபிள் ரெஜிமெண்டிலிருந்து வந்தவர். அந்த ரெஜிமெண்டுகளின் நடையே வேகம். ‘தேஜ் சல்’ (விரைந்து நட) என்றால் கிட்டத்தட்ட ஓடுவோம். அடுத்த வருடம் வந்தவரோ, “ரயிலைப் பிடிக்கவா போறீங்க?” என்று கேட்டுவிட்டு, ‘பாயாங், தாயாங்’ (இடது, வலது) சொல்லி ஒவ்வொரு அடியாக நடக்கவைத்தார். என்.சி.சி.யின் இரண்டாம் நிலையான பி சர்டிஃபிகேட்டுக்கான டிரில் தேர்வன்று பாதிப் பேர் பழைய வேகம், பாதிப் பேர் புது வேகம். ‘தம்’ (நில்) என்ற கட்டளைக்கு நான் நின்றேன், பின்னால் வந்தவன் என் குதிகாலில் ஏறி நின்றான்.