லெஷர் சென்ரர் கார் பார்க்கில் 2 மணித்தியால எல்லை: நீச்சல் வகுப்புக்குப் போனதற்கு 100 பவுண் கடிதம்

துவாய்ப்பை எழுதியது:

வணக்கம். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லண்டனுக்குக் கொஞ்சம் வெளியே. எங்கள் ஊர் லெஷர் சென்ரரில் பிள்ளைகள் இருவரும் நீந்தப் பழகுகிறார்கள். கட்டடமும் காணியும் கவுன்சிலுடையவை, நடத்துவது வேறொரு நிறுவனம், கார் பார்க்கைப் பார்ப்பது இன்னொரு தனியார் கம்பனி. கார் நிறுத்த 2 மணித்தியாலம் இலவசம். அதற்கு மேல் நிற்பதென்றால் றிசெப்சனில் இருக்கும் ரெப்லெட்டில் கார் இலக்கத்தை அடிக்க வேண்டும், அடித்தால் 4 மணித்தியாலம் தருகிறது.

சனிக்கிழமையில் சின்னவளுக்கு ஒன்பதரைக்கு வகுப்பு, பெரியவனுக்குப் பத்தரைக்கு. இரண்டுமே அரை மணித்தியால வகுப்புகள்தான். ஆனால் முன்னதாகப் போய் உடுப்பு மாற்ற வேண்டும், முடிந்ததும் ஷவருக்கு வரிசையில் நிற்க வேண்டும், அதற்குப் பிறகு தலை காயவைக்கிற மெஷினுக்கு இன்னொரு வரிசை. ஈரத்தலையோடு பிள்ளையை மாசி மாதக் குளிருக்குள் எப்படிக் கொண்டுபோவது? காலுறை கூட ஈரக்காலில் ஏறாது, அந்த வாங்கில் இருந்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துத்தான் மாட்ட வேண்டும். ஆகவே எப்போதும் 2 மணித்தியாலம் தாண்டும், அதனால் எப்போதும் இலக்கத்தை அடித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அன்றைக்கு ரெப்லெட் வேலை செய்யவில்லை, திரை கறுப்பாக இருந்தது. மேசையில் நின்ற பிள்ளை "பரவாயில்லை, நாங்கள் எழுதி வைக்கிறோம்" என்று சொல்லி ஒரு தாளில் இலக்கத்தை எழுதினார். இப்போது தபாலில் கடிதம் வந்திருக்கிறது: உள்ளே 9.08, வெளியே 11.31, கட்ட வேண்டியது 100 பவுண், 14 நாட்களுக்குள் கட்டினால் 60. இரண்டு படமும் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு கேள்விகள். இதைக் கட்டுவதா, எதிர்ப்பதா? மற்றது, அடுத்த மாதம் சென்ரர் மனேஜர் பாவனையாளர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் வைக்கிறார். அங்கே என்ன கேட்கலாம்? எல்லையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது வருவதற்கு முன்பு அந்தக் கார் பார்க்கில் இடம் தேடிச் சுற்றியே வகுப்புக்குப் பிந்திப் போயிருக்கிறோம்.

---

வடலியடி எழுதியது:

தங்கச்சி, அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம். அதேநேரம் குப்பையிலும் போட வேண்டாம். "பேசாமல் விடு, ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று இன்னமும் நம் ஆட்கள் சொல்லித் திரிகிறார்கள், அது பழைய காலத்துக் கதை. இப்போது கவுன்ரி கோர்ட் வரை கொண்டுபோகிறார்கள், தீர்ப்பு வந்தும் கட்டாமல் விட்டால் வீட்டுக்கடன் எடுக்கும்போது தெரியும்.

முதலில் கடிதம் யாரிடமிருந்து என்று வடிவாகப் பாருங்கள். கவுன்சில் போடுவதும் பிசிஎன் (பெனல்ரி சார்ஜ் நோட்டிஸ்), தனியார் கம்பனி போடுவதும் பிசிஎன் (பார்க்கிங் சார்ஜ் நோட்டிஸ்), எழுத்து ஒன்றுதான், சட்டம் வேறு. கவுன்சிலுடையது 2004ஆம் ஆண்டுப் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வரும் தண்டம். தனியாருடையது தண்டமே இல்லை, ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று கேட்கிற பணம். 2015இலிருந்து இங்கிலாந்தில் கவுன்சில்கள் கமராவை மட்டும் வைத்துத் தபாலில் பார்க்கிங் தண்டம் அனுப்புவதைப் பஸ் தரிப்பிடம், பாடசாலை வாசல் மாதிரிச் சில இடங்களோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே கார் பார்க்கில் கமரா படத்தோடு தபாலில் வந்தது தனியாருடையது என்று எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் சொன்ன 100, 60 கணக்கும் அதற்குத்தான் பொருந்துகிறது.

இனி திகதி. கண்ணாடியில் ஒன்றும் ஒட்டாமல் கமராவை மட்டும் வைத்து அனுப்பினால், கார் நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாட்களுக்குள் கடிதம் கையில் கிடைத்திருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டுச் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் நாலாவது அட்டவணையில் இது இருக்கிறது. பிந்தினால், கார் யார் பெயரில் பதிந்திருக்கிறதோ அவரிடம் அந்தச் சட்டத்தின்படி பணம் கேட்க முடியாது, ஓட்டியவரிடம் மட்டும்தான் கேட்கலாம். இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை: போக்குவரத்து அதிகாரசபை (கவுன்சிலும் அதற்குள் வரலாம்) தருகிற அல்லது கட்டுப்படுத்துகிற தரிப்பிடங்களுக்கு அந்த அட்டவணை பொருந்தாது. காணி கவுன்சிலுடையது என்கிறீர்களே, அதையும் எழுத்தில் கேளுங்கள்.

"இலவசமாக விட்டுவிட்டு நூறு கேட்பது அநியாயம்" என்ற ஒற்றை வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 2015இல் செல்ம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதிக் கார் பார்க் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கேயும் 2 மணித்தியாலம் இலவசம், 56 நிமிடம் கூட நின்றதற்கு 85 பவுண். அது நியாயமான தொகைதான் என்று தீர்ப்பாகிவிட்டது. உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: எல்லை கூட்டித் தருகிறோம் என்று சொன்னவர்களே அதற்கான வழியை அடைத்து வைத்திருந்தார்கள், நீங்கள் அவர்கள் சொன்னபடிதான் செய்தீர்கள்.

---

இரவுச்சிப்ற் எழுதியது:

நான் இன்னொரு ஊரில், இதேமாதிரி ஒரு சென்ரரில் டியூட்டி மனேஜராக இருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

கமராவுக்கு நீங்கள் நீந்தினீர்களா, ரெயின் ஏறி வேலைக்குப் போனீர்களா என்று தெரியாது. வாசலில் ஒரு படம், வெளியேறும்போது ஒரு படம், நடுவில் உள்ள நேரத்தைக் கழித்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். ரெப்லெட்டில் அடித்த இலக்கங்கள் அனுமதிப் பட்டியலாகப் போகும், அந்தப் பட்டியலில் இல்லாத கார் எல்லை தாண்டினால் கடிதம். தாளில் எழுதியதை யாராவது பிறகு கம்பியூட்டரில் ஏற்ற வேண்டும். சனிக்கிழமைக் காலையில் மேசையில் இருவர் நின்று கொண்டு, பிறந்தநாள் பார்ட்டி, தொலைந்த திறப்பு, அழுகிற பிள்ளை என்று எல்லாவற்றையும் பார்க்கும்போது அந்தத் தாள் எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலையாக மனேஜருக்கு எழுதுங்கள். உங்கள் வகுப்புப் பதிவு, உள்ளே போக அட்டை தேய்த்த நேரம், அன்றைக்கு ரெப்லெட் பழுது என்று அவர்கள் போட்ட முறைப்பாடு எல்லாம் அவர்களிடமே இருக்கும். எங்கள் இடத்தில் உண்மையான பாவனையாளர் என்று தெரிந்தால் ரத்து செய்யச் சொல்லி நாங்களே கம்பனிக்கு அனுப்புவோம், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அங்கே மறுத்தாலும் உங்கள் தரவுகளைத் தரும்படி கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு, காசு கட்டத் தேவையில்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

கூட்டத்தில் என்ன கேட்கலாம் என்பதற்கு வருகிறேன், இதுதான் என் மனதுக்கு நெருக்கமான விஷயம். எல்லை என்பது அந்த இடத்தில் ஆட்கள் உண்மையாகச் செய்கிற வேலையை அளந்து வைக்க வேண்டியது. வகுப்பு அரை மணித்தியாலம் என்று அட்டவணையைப் பார்த்து யாரோ அலுவலகத்தில் இருந்து 2 மணித்தியாலம் போதும் என்று எழுதிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு, ஜிம் முடித்து நீந்துகிறவர், நீச்சல் போட்டி நாளில் காலையிலிருந்து மத்தியானம் தாண்டி நிற்கிற பெற்றோர், இவர்கள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. எங்கள் இடத்தில் எல்லையைத் திங்கள் முதல் வெள்ளி வரை பகலுக்கு மட்டும் வைத்தோம், ஏனென்றால் ஸ்ரேசனுக்குப் போகிறவர்கள் காரை விட்டுப்போவது அந்த நேரத்தில்தான். சனி ஞாயிறில் ஸ்ரேசன் கூட்டம் எங்களுக்கு இல்லவே இல்லை, பிறகு யாரை விரட்ட எல்லை? அதைவிட முக்கியம், வகுப்புக்குப் பதிந்தவர்களின் கார் இலக்கத்தை உறுப்பினர் கணக்கிலேயே ஒருமுறை சேர்த்துவிட்டால் ரெப்லெட்டைத் தேடி ஒவ்வொரு கிழமையும் வரிசையில் நிற்கத் தேவையில்லை. கம்பனிகள் இதைச் செய்யலாம், கேட்டால்தான் செய்வார்கள்.

---

மடிப்பாக்கம் குமார் எழுதியது:

நான் இங்கே வந்து சில வருஷம்தான் ஆகுது, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இந்த இலவசம் என்பதே சிக்கலாகத் தெரிகிறது. இலவசம் என்று விட்டால் யார் வேண்டுமானாலும் வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள், அப்புறம் அதைத் தடுக்க கேமரா, கேமராவுக்கு ஒரு கம்பெனி, கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து? மாட்டிக்கொண்டவர்களிடமிருந்துதான். அந்த செல்ம்ஸ்ஃபோர்டு வழக்கிலேயே கம்பெனி இடத்துக்காரருக்கு வாரம் 1,000 பவுண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது, தீர்ப்பிலேயே இருக்கிறது. அப்படி ஒரு ஏற்பாட்டில் நிர்வாகம் நன்றாக நடந்து எல்லாரும் நேரத்துக்குக் கிளம்பிவிட்டால் யாருக்கு வருமானம்? அதற்குப் பதில் மணிக்கு ஒரு சின்னத் தொகை வாங்கி, உள்ளே டிக்கெட் எடுத்தவர்களுக்கு அதைக் கழித்துக்கொடுக்கலாமே. வெளியாட்கள் காசு கட்டுவார்கள், நீந்துகிறவர்களுக்கு ஒன்றும் போகாது.

---

இரவுச்சிப்ற் எழுதியது:

குமார் தம்பி, வருமானம் பற்றிச் சொன்னது சரி, கூட்டத்தில் அந்த ஒப்பந்தத்தில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் கழித்துக்கொடுக்கிற முறைக்கும் அதே மேசை, அதே ரெப்லெட், அதே வரிசை. பழுதானால் திரும்பவும் இதே கதைதான். மற்றது, பிள்ளையைக் கூட்டிவந்து கலரியில் இருந்து பார்க்கிற அம்மம்மா டிக்கெட் எடுப்பதில்லை. அவரும் நம் பாவனையாளர்தான்.

---

செவ்வந்தி அக்கா எழுதியது:

அம்மம்மா என்றதும் எழுத வந்தேன். நாங்கள் வயதானவர்களுக்கான உடற்பயிற்சி வகுப்புக்குக் கிழமைக்கு ஒருநாள் போகிறோம். என் கணவருக்கு நீல பட்ஜ், அதாவது உடல் இயலாதவர்களுக்குக் கார் நிறுத்தக் கொடுக்கிற அட்டை, இருக்கிறது. காரிலிருந்து இறங்கி நடைவண்டியை விரித்து உள்ளே போவதற்கே கனநேரம் எடுக்கும், திரும்பி வருவதற்கு அதைவிடக் கூட. நீல பட்ஜ் இருந்தால் எங்கேயும் நேரக்கணக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அந்தத் திட்டம் தெருவோரத் தரிப்பிடங்களுக்கானது, இப்படியான கார் பார்க்குகளில் அவரவர் வைத்ததுதான் விதி. ஆனால் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி உடல் இயலாதவர்களுக்கு நியாயமான மாற்று ஏற்பாடு செய்து தர வேண்டும், கூடுதல் நேரம் தருவதும் அதற்குள் வரும் என்று எழுதிக் கேட்டுத்தான் நாங்கள் பெற்றோம். பிள்ளை, உங்கள் கூட்டத்தில் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்கள் இரவுக் கூட்டங்களுக்கு வருவதில்லை, அதனால் யாரும் எங்களை நினைப்பதும் இல்லை.

---

துவாய்ப்பை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, கட்டாயம் சொல்கிறேன்.

கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தனியார் கம்பனிதான். கார் நின்றது 7ஆம் திகதி, கடிதத்தில் போட்டிருக்கிற திகதி 24. கையில் கிடைத்தது அதற்கும் பிறகு. அப்படியென்றால் 14 நாட்கள் தாண்டிவிட்டன அல்லவா? மனேஜருக்கு ஈமெயில் எழுதிவிட்டேன். கம்பனிக்கும் இன்றிரவு எழுதப் போகிறேன். "நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காரில் வந்தேன்" என்று தொடங்கி முழுவதையும் விளக்கமாக எழுதட்டுமா? கார் என் பெயரில்தான் இருக்கிறது.

---

வடலியடி எழுதியது:

பொறுங்கள், அப்படித் தொடங்க வேண்டாம்! திகதியை வைத்து நீங்கள் நிற்கிற இடமே "ஓட்டியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது" என்பதுதான், அந்த ஒரு வசனத்தில் அதைக் கொடுத்துவிடுவீர்கள். தனியார் கம்பனிக்கு அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "காரின் பதிவு என் பெயரில் உள்ளது, அந்த முறையில் எழுதுகிறேன்" என்று தொடங்கி, கடிதம் 14 நாட்களுக்குள் வரவில்லை, காணி கவுன்சிலுடையது, அன்று ரெப்லெட் பழுது, சென்ரர் ஊழியரே இலக்கத்தைக் குறித்துக்கொண்டார் என்று பொய்யில்லாமல் சுருக்கமாக எழுதுங்கள். "ஓட்டியவர்" என்றே எழுதுங்கள், "நான்" வேண்டாம். மனேஜருக்கு அனுப்பிய ஈமெயிலில் "நான்தான் வந்தேன்" என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அதைக் கம்பனிக்கு அனுப்ப வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.

எல்லை முடிந்த பிறகு குறைந்தது 10 நிமிடம் சலுகை தர வேண்டும் என்று பார்க்கிங் கம்பனிச் சங்கங்களின் விதிக்கோவையிலேயே இருக்கிறது, ஆனால் உங்களுடையது 23 நிமிடம், ஆகவே அதை முதல் வாதமாக வைக்க வேண்டாம். 60 பவுண் சலுகை போய்விடுமே என்று பயப்படவும் வேண்டாம், 14 நாட்களுக்குள் எழுதினால் மறுத்தாலும் வழக்கமாகத் திரும்ப அந்தச் சலுகையைத் தருவார்கள். மறுத்தால் அந்தக் கடிதத்தில் கம்பனி எந்தச் சங்கத்தில் இருக்கிறது என்பது தெரியும். பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேசன் என்றால் பொப்லா என்கிற மேன்முறையீட்டு அமைப்புக்கு மேன்முறையீடு செய்யலாம், 28 நாட்கள் தருவார்கள், செலவு இல்லை. மற்றச் சங்கம் என்றால் அவர்களுக்கு வேறு மேன்முறையீட்டு அமைப்பு இருக்கிறது, அப்போது இங்கே கேளுங்கள், அதற்கு எழுதுகிற விதம் கொஞ்சம் வேறு.

கூட்டத்துக்குப் போகமுன் ஒரு வேலை செய்யுங்கள். கார் பார்க் வாசலில் இருக்கிற அறிவித்தல் பலகையைப் படமெடுங்கள், இருட்டிய பிறகும் ஒரு படம். காருக்குள் இருந்தபடி "2 மணித்தியாலம்" என்பதை வாசிக்க முடிகிறதா, 4 மணித்தியாலம் எடுக்க உள்ளே போய் இலக்கத்தை அடிக்க வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் படம் மேன்முறையீட்டுக்கும் உதவும், மனேஜரின் மேசையிலும் வைக்கலாம்.