மாஸ்டிஃப் எதிரே வந்தால்: அனுபவப் பகிர்வு

மாஸ்டிஃப் என்ற பேருருவக் காவல் நாய்களை ஒரே பெயரில் அழைத்தாலும் இங்கிலீஷ், புல்மாஸ்டிஃப், நியாபாலிட்டன், கானே கோர்சோ, திபெத்தியன் எல்லாம் வாசலில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அந்நியர் வந்தால் எது என்ன செய்யும், ஏன் அப்படிச் செய்யும் என்று வளர்ப்பவர்களும் பயிற்சியாளர்களும் கால்நடை மருத்துவர்களும் கவனித்ததை இங்கே எழுதலாம். சொந்த வீட்டுச் செல்லக் கதைகள் வேண்டாம், அடுத்தவருக்குப் பயன்படும் விவரம் போதும்.

இங்கிலீஷ் மாஸ்டிஃபிலிருந்து தொடங்குகிறேன். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் தரப்படி ஆண் நாய் தோள்பட்டையில் 30 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. எடை பொதுவாக 73 முதல் 104 கிலோ. இங்கிலாந்தில் ஜோர்பா என்ற நாய் 1989-ல் 155 கிலோ எட்டியது. அது சாதனையே தவிர முன்மாதிரி இல்லை.

வாசலில் ஆள் வந்தால் இந்த நாய் கனமாக ஓரிரு முறை குரைக்கும். பிறகு மெல்ல எழுந்து வந்து, வீட்டாருக்கும் வந்தவருக்கும் நடுவே குறுக்காக நின்றுகொள்ளும். பல்லைக் காட்டாது, உடம்பாலேயே வழியை மறிக்கும். வீட்டுக்காரர் வந்தவரிடம் சாதாரணக் குரலில் பேசத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் போய்ப் படுத்துவிடும். வந்தவர் செய்யக்கூடாதவை: கண்ணோடு கண் உற்றுப் பார்ப்பது, தலைக்கு மேலே கை நீட்டித் தடவுவது, அதன் பக்கவாட்டில் இடித்துக்கொண்டு உள்ளே நுழைவது. வீட்டுக்காரர் செய்யக்கூடாதது ஒன்றுதான், உறுமியதற்காக அடிப்பது. உறுமல் அது தருகிற எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்திவிட்டால் எச்சரிக்கை போய்விடும், கடி மட்டும் மிஞ்சும்.

* * *

இங்கிலாந்தின் செஷயரில் உள்ள லைம் ஹால் மாளிகையின் மாஸ்டிஃப் பரம்பரையை விட்டுவிட்டீர்கள். 1415-ல் அஜின்கோர்ட் போர்க்களத்தில் காயப்பட்டுக் கிடந்த சர் பியர்ஸ் லீயை அவருடைய மாஸ்டிஃப் பெட்டை மணிக்கணக்காகக் காவல் காத்தது என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியோ, அந்த மாளிகையில் தலைமுறை தலைமுறையாக மாஸ்டிஃப் வளர்த்தது உண்மை. இனத்துக்கான கிளப் 1883-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனில் இனப்பெருக்கத்துக்கு உதவும் நாய்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. வட அமெரிக்காவிலிருந்து குட்டிகளை வரவழைத்துத்தான் இனத்தை மீட்டார்கள். இன்றைய நாய்கள் பெரும்பாலும் அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை என்பதால் பெற்றோரின் சோதனை அறிக்கை இல்லாமல் குட்டி வாங்கவே கூடாது. இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு, இதயம், கண் நான்கையும் கேளுங்கள். மாஸ்டிஃபிலும் புல்மாஸ்டிஃபிலும் விழித்திரை படிப்படியாகச் சிதையும் ஒரு நோய் ஓங்கு மரபணுவால் வருகிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பார்வை போகும். மரபணுச் சோதனையில் இதைத் தெளிவாகக் கண்டுபிடித்துவிடலாம்.

* * *

புல்மாஸ்டிஃப் பற்றி ஒன்று சொல்லணும். இதை இங்கிலீஷ் மாஸ்டிஃபின் சின்ன உருவம் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுறாங்க. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பண்ணைக் காடுகளில் திருட்டு வேட்டைக்காரர்கள் தொல்லை அதிகம். காவலர்களுக்கு வேண்டியிருந்தது இருட்டில் சத்தம் போடாமல் நெருங்கி, ஆளைக் கீழே தள்ளி, கடித்துக் குதறாமல் அமுக்கிப் பிடித்து வைக்கும் நாய். 60 சதவீதம் மாஸ்டிஃப், 40 சதவீதம் அந்தக் காலத்து புல்டாக் என்ற கலப்பு அதற்காக வந்தது. இருட்டில் தெரியாது என்பதால் புலிவரி நிறத்தை விரும்பினாங்க. பிரிட்டனின் கென்னல் கிளப் 1924-ல் தனி இனமாக ஏற்றது.

அதனால் இது குரைக்கவில்லை என்றால் சாந்தமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை! பார்சல் கொண்டுவருபவர்கள், மீட்டர் பார்க்க வருபவர்கள் கேட்டைத் தாங்களே திறக்கும்போதுதான் பிரச்சினை வருது. சத்தமே இல்லாமல் வந்து நெஞ்சால் மோதும். 50 கிலோவுக்கு மேல் எடை, மனுஷன் மல்லாந்துதான் விழுவான். கேட்டுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளோடு பூட்டும் போடுங்க, அழைப்பு மணியை வெளியே வையுங்க. இரண்டு கதவுள்ள நுழைவு இருந்தால் இன்னும் நல்லது.

லீஷ் (பிடித்து நடத்தும் கயிறு) பழக்கத்தைக் குட்டி 10 வாரம் இருக்கும்போதே தொடங்கணும். இழுத்தால் நின்றுவிடுங்க, தளர்ந்தால் நடங்க. எட்டு, பத்து மாதத்தில் தொடங்கினால் எடை உங்களை ஜெயிச்சிடும். ஒன்றரை, இரண்டு வயசில் ஒரு ஆண் இன்னொரு ஆணைச் சகிக்காமல் போவது சகஜம். அண்ணன் தம்பிக் குட்டிகள் இரண்டையும் சேர்த்து வாங்காதீங்க.

* * *

இத்தாலிய வகைகள் சுருக்கமாக. நியாபாலிட்டனும் கானே கோர்சோவும் பங்காளிகள், ஆனால் பார்த்த வேலை வேறு. நியாபாலிட்டன் முற்றத்துக் காவல் நாய். 1946-ல் நேப்பிள்ஸ் கண்காட்சியில் எழுத்தாளர் பியரோ ஸ்கான்சியானி பார்த்த பிறகுதான் ஒழுங்கான வளர்ப்புத் தொடங்கியது. கோர்சோ பண்ணையில் மாடு ஓட்டியது, காட்டுப்பன்றி பிடித்தது. 1970-களில் தெற்கு இத்தாலியில் மிச்சமிருந்தவற்றைத் தேடிச் சேர்த்து மீட்டார்கள். கோர்சோ விறுவிறுப்பானது. தினமும் வேலை கொடுக்காவிட்டால் தானே ஒரு வேலையைக் கண்டுபிடிக்கும், அது உங்களுக்குப் பிடிக்காது.

நியாபாலிட்டன் வாங்குபவர் தோல் மடிப்புகளுக்குத் தினமும் நேரம் ஒதுக்க வேண்டும். தண்ணீர் குடித்த பிறகு முகமடிப்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். சிவந்து நாற்றம் அடித்தால் மருத்துவர் தரும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கொண்டு துடைத்து, ஈரம் இல்லாமல் உலர்த்துங்கள். கண்ணின் உள்மூலையில் செர்ரிப்பழம் போலச் சிவந்த கட்டி தெரிந்தால் அது இடம்பெயர்ந்த கண்ணீர்ச் சுரப்பி. வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கண்ணீரில் கணிசமான பங்கு அதிலிருந்துதான் வருகிறது. எடுத்தால் கண் வறண்டு, வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து என்று ஆகிவிடும். உள்ளே தள்ளித் தைப்பதே சரியான சிகிச்சை.

* * *

திபெத்தியனைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். லடாக், ஸ்பிட்டி, நேபாளம் என்று மலையேறப் போகிறவர்கள் நிஜமாகவே எதிர்கொள்ளக்கூடியது இதுதான். மேய்ச்சல்காரர்கள் பகலில் கட்டி வைத்து இரவில் அவிழ்த்துவிடுவார்கள். எனவே இரவில் குரைப்பது அதன் தொழில். நகரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ராத்திரி தூங்கவிடவில்லை என்று குறைசொல்வது அநியாயம்.

கூடாரத்துக்கோ மந்தைக்கோ அருகே போனால் முதலில் தூரத்திலேயே நின்று ஆளைக் கூப்பிடுங்கள். மேய்ப்பர் வந்து நாயைப் பிடிக்கும்வரை நகராதீர்கள். நாய்க்கும் ஆடுகளுக்கும் நடுவே ஒருபோதும் புகவேண்டாம், சுற்றுவழியே போங்கள். ஓடக்கூடாது. முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் தாழ்த்தி, பக்கவாட்டில் பின்வாங்குங்கள். முன்னால் ஒன்று குரைத்தால் பின்னால் இன்னொன்று வருகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் ஜோடியாகவே வேலை செய்யும். முதுகுப்பையையோ கைத்தடியையோ உங்களுக்கும் அதற்கும் நடுவே பிடித்துக்கொள்ளலாம், ஓங்க வேண்டாம். கழுத்தில் சிவப்புச் சாயமிட்ட யாக் முடிப் பட்டை இருந்தால் அது ஒருவருடைய மதிப்புமிக்க நாய். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்கு மலையிறங்குங்கள்.

இந்த நாய்க்கு உயரத்தில் மூச்சு முட்டாததற்குக் காரணம், திபெத்தின் ஓநாய்களிடமிருந்து வந்த ஒரு மரபணு வடிவம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெட்டை பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறைதான் சூட்டுக்கு வரும். ஆண் முழுமையாக முதிர நான்கு ஆண்டு வரை ஆகும். இவ்வளவு மெதுவாக வளர்கிற நாயைச் சீனாவில் விலை ஏறிய காலத்தில் கண்டபடி பெருக்கினார்கள். விலை சரிந்ததும் கைவிடப்பட்டவை திபெத்தியப் பீடபூமியில் தெருநாய்க் கூட்டங்களாயின. சமவெளி வெயிலில் இரட்டை ரோமத்தோடு இதை வளர்ப்பதை நான் ஆதரிக்கவே மாட்டேன். சந்தையில் திபெத்தியன் என்று விற்கப்படுவதில் பல, இமயமலையின் போட்டியா நாய் அல்லது அதன் கலப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

* * *

அசூரியச் சிற்பத்தில் இருப்பதே இன்றைய மாஸ்டிஃப் என்று அடிக்கடி எழுதுகிறார்கள், அதற்கு ஒரு திருத்தம். இன்றைய ஈராக்கில் உள்ள நினிவேயில், பழங்கால அசூரிய மன்னன் அசூர்பனிபாலின் அரண்மனைச் சுவரில் தடித்த கழுத்தோடு பெரிய வேட்டை நாய்கள் இருப்பது உண்மை. அங்கே கிடைத்த ஐந்து களிமண் நாய்ப் பொம்மைகளில் ஒன்றின் மேல் 'யோசிக்காதே, கடி' என்ற பொருளில் பெயர் பொறித்திருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம். ஆனால் உருவ ஒற்றுமை வம்சாவளி ஆகாது. இன்றைய இனங்களின் பதிவேடுகள் 19, 20-ஆம் நூற்றாண்டுகளில்தான் தொடங்கின.

* * *

கால்நடை மருத்துவப் பக்கத்திலிருந்து. மாஸ்டிஃப் குட்டியைக் கெடுப்பது பசி அல்ல, அவசரம். சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்று கால்சியம் சிரப் ஊற்றுகிறார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல், கூடுதலான கால்சியத்தைத் தடுக்கத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும். விளைவு, குருத்தெலும்புக் கோளாறு, வளைந்த முன்னங்கால். பேருருவ இனக் குட்டிகளுக்கான தீவனமே போதும், மேலே எந்தக் கால்சியமும் வேண்டாம். விலாவை லேசாகத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படணும். வழுக்கும் டைல்ஸில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். ஒன்றரை வயது வரை படியேற்றம், சைக்கிள் பின்னால் ஓட்டம் கூடாது.

ஆண் நாய் சொட்டுச்சொட்டாகச் சிறுநீர் கழித்தால் சிறுநீர்ப்பாதையில் சிஸ்டைன் என்ற பொருள் படிந்து உண்டான கல்லின் அடைப்பாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

எல்லாவற்றிலும் பயங்கரமானது வயிறு உப்பி முறுக்கிக்கொள்வது. ஆழமான மார்புக்கூடு உள்ள நாய்களுக்கு வரும். அடையாளம்: வாந்தி எடுக்க முயலும், நுரை தவிர எதுவும் வராது. வயிறு தட்டினால் மத்தளம் போல இருக்கும், நிலைகொள்ளாமல் நடக்கும், ஈறு வெளுக்கும். ஒரு நாள் உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள், வேகமாக விழுங்குகிற நாய்க்குத் தடுப்புள்ள தட்டு வையுங்கள். சாப்பிட்டவுடன் ஓடவிட வேண்டாம். ஸ்டாண்டில் உயர்த்தி வைத்த பாத்திரம் நல்லது என்று விற்கிறார்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தின் பெரிய ஆய்வில் அது ஆபத்தைக் கூட்டுவதாகவே தெரிந்தது. கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடக் கேளுங்கள். உப்பினாலும் முறுக்காமல் காக்கும்.

இரவில் இப்படி ஆனால் கஷாயம், கேஸ் மருந்து என்று நேரத்தை வீணாக்காதீர்கள். கிளம்பும் முன் மருத்துவமனைக்கு போன் செய்து அறுவை சிகிச்சை செய்ய ஆள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அங்கே போகாமல் நேராக அடுத்த இடத்துக்கு வண்டியைத் திருப்புங்கள். 80 கிலோ நாயைத் தூக்க இருவர் வேண்டும், கெட்டியான போர்வையை ஸ்ட்ரெச்சராகப் பயன்படுத்துங்கள்.