புதுப்பிப்பு: இடுப்பு வலிக்கு நரம்பு பிளாக் ஊசி போட்டதில் தெரிந்தது

நாள்பட்ட இடுப்பு வலி, எம்ஆர்ஐயில் தெளிவாக எதுவும் சிக்கவில்லை, டாக்டர் சொல்லும் பிளாக் ஊசியை (நரம்பை மரக்க வைத்து வலியைத் தடுப்பது) போடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போட்டாகிவிட்டது.

குப்புறப் படுக்க வைத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் (உடனுக்குடன் திரையில் காட்டுவது) பார்த்துக்கொண்டே, முதுகெலும்பின் ஃபேசெட் மூட்டுகளுக்கு (எலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் சின்ன மூட்டுகள்) போகும் சின்ன நரம்புகளுக்குப் பக்கத்தில் துளி மரப்பு மருந்து, அவ்வளவுதான். மயக்கம் கொடுக்கவில்லை, கொடுத்தால் வலி எதனால் குறைந்தது என்று குழம்பிவிடும்.

ரொம்ப உதவியது, ‘ஊசி போட்டதும் படுத்துவிடாதீர்கள், வழக்கமாக வலிக்கிற அசைவுகளைச் செய்து பார்த்து, அரை மணிக்கு ஒருமுறை வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுங்கள்’ என்ற யோசனைதான். படி ஏறினேன், இடுப்பைப் பின்னால் வளைத்தேன், 8-ல் இருந்த வலி 1-க்கு வந்துவிட்டது.

எதிர்பாராதது, ராத்திரிக்குள் வலி முழுசாகத் திரும்பியது. பயந்தே போனேன். ஆனால் இது வைத்தியமல்ல, சோதனை. மருந்து சில மணி நேரம்தான் நிற்கும், அதற்குள் வலி விட்டால் அந்த மூட்டுதான் காரணம் என்று கணக்கு. தற்செயலாகவும் குறையலாம் என்பதால் இன்னொரு முறை போட்டு உறுதி செய்தார்கள். அடுத்துதான் வைத்தியம்: வலியைக் கடத்தாதபடி, ரேடியோ அலையின் சூட்டால் அந்த நரம்புகளைச் சுடுவது. நரம்பு மறுபடி வளரும், அதனால் பலன் பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து ஒரு வருடம். கழுத்து வலிக்கும் இதே முறைதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.